ரிச்சர்டு லவல் எட்ஜ்வொர்த்தும் அவர் குடும்பமும்

1. தோற்றுவாய்

அயர்லாந்தின் தனிப் பாராளுமன்றம் 1800ஆம் ஆண்டோடு முடிவுற்றது. அம்மன்றத்தின் இறுதி நாள்களில் நிகழ்ந்த செயல் ஒன்று பெருவரலாறுகளில் மிகுதியாகப் பேசப்படுவதன்று. பிரிட்டனோடு அயர்லாந்து இணைதல் நாட்டிற்கு நலம் பயக்கும் என்று வாதிட்ட உறுப்பினர் ஒருவர், வாக்கெடுப்பு வந்தபோது அவ்விணைப்பிற்கு எதிராகவே வாக்களித்தார். அவர் லாங்ஃபோர்டு கோட்டத்தில் எட்ஜ்வொர்த்து நகர் என்னும் சிற்றூரின் நிலக்கிழார். ரிச்சர்டு லவல் எட்ஜ்வொர்த்து (1744-1817) என்பது அவர் பெயர். அவர் அமைச்சர் பதவி வகித்தவரல்லர், கட்சித் தலைவருமல்லர், பாராளுமன்றத்தில் அவர் அமர்ந்திருந்த காலமும் மிகச் சிறிது. இலக்கியம் பயில்வோர் அவரை அறிவதெல்லாம் 'காசில் ராக்ரெண்ட்' என்னும் புதினத்தை இயற்றிய மரியா எட்ஜ்வொர்த்தின் தந்தையார் என்ற அளவிலேயாம்.

பேச்சும் வாக்கும் மாறுபட்ட இச்செயலை நிலையற்ற உள்ளத்தின் விளைவு என்று கொள்வாரும் உளர். ஆயின், அவர்தம் இல்வாழ்க்கையையும் நில ஆட்சியையும் அரசியலையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு அது முரணாகத் தோன்றாது. பெறுவோரின் இசைவு இல்லாதவழி நன்மையும் நன்மையாகாது என்பது அவர் தம் மக்களை வளர்த்த முறையிலும் குடிகளை நடத்திய முறையிலும் படிப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம். அப்பாடமே பாராளுமன்றத்தில் அவர் வாக்கை உறுதி செய்தது. இதனை ஆராய்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குடிவரலாறு

எட்ஜ்வொர்த்துக் குடியினர் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்து சென்று குடியேறியது எலிசபெத்து அரசியார் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். அவருள் எட்வர்டு எட்ஜ்வொர்த்து என்பார் டவுன், கானர் என்னும் இரு பகுதிகளுக்கும் சமயத் தலைவராக விளங்கினார். முதலாம் ஜேம்சு மன்னர் காலத்தில், 1619ஆம் ஆண்டளவில், லாங்ஃபோர்டு கோட்டத்தில் இக்குடிக்கு நிலம் வழங்கப்பட்டது. அக்கோட்டத்தில் வழிவழியாக ஆண்டுவந்தோர் ஓ ஃபாரல் குடியினர். அவர்தம் நிலத்தின் ஒரு பகுதியே புதிதாக வந்த ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மீத்தசு டிரோம் என்று ஐரிசு மொழியில் வழங்கிய பழைய ஊர்ப்பெயரும் எட்ஜ்வொர்த்து நகர் என்று மாறிற்று. ஆகவே, நல்ல நிலக்கிழாராயினும் தீய நிலக்கிழாராயினும், இக்குடியினரின் உரிமைக்கு அடிப்படை வெற்றியாளர் கொடையே என்பது மறக்கற்பாலதன்று.

இக்குடியினர் தம் முன்னோர் செய்திகளைத் தொகுத்து எழுதி வைத்திருந்தனர். 'எட்ஜ்வொர்த்து நகரின் கருப்பேடு' என்று வழங்கிய அத்தொகுப்பு 1927ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கடன், வழக்கு, மணவினைவழி வந்த பொருள், சூதில் அழிந்த பொருள் ஆகியனவே அக்குறிப்புகளில் மிகுதி. ஒரு வகுப்பினர் தம் குறைகளையும் மறையாது தாமே எழுதிவைத்த சான்று என்ற வகையில் அது பெருமதிப்புடையது.

அக்காலச் சட்டம் கத்தோலிக்கர்க்கு நில உரிமையையும் அரசியல் உரிமையையும் பெரிதும் மறுத்தது. சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்திருத்தலே நிலக்கிழார்க்குக் காப்பாயிருந்தது. அந்நிலையில் இக்குடியினருள் ஒருவர் அக்காப்பைத் தாமே துறந்தார். எட்ஜ்வொர்த்து நகர்க் கோயிலில் சமயகுருவாயிருந்த ராபர்ட்டு எட்ஜ்வொர்த்து என்பார் கத்தோலிக்க சமயம் தழுவித் தம் குடும்பத்தோடு பிரான்சு நாட்டுத் துலூசு நகருக்குச் சென்றுவிட்டார். அவர் மகன் ஹென்றி எசெக்சு எட்ஜ்வொர்த்து (1745-1807) அங்குக் கத்தோலிக்கத் துறவியாயினார். 1793 ஜனவரி 21ஆம் நாள் பதினாறாம் லூயி மன்னர் கொலைக்களம் புக்கபோது உடன் நின்று இறுதிச் சமயக்கடன் ஆற்றியவர் அவரே. ஒரே குடியில், ஒரே தலைமுறையில், ஒருவர் மன்னர்க்காக மன்றாடும் துறவியாகவும், மற்றொருவர் ரூசோவின் கொள்கையைப் போற்றும் நிலக்கிழாராகவும் விளங்கினர். இவ்வுறவு ரிச்சர்டுக்கு இடர் விளைத்தது. 1803ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பாரிசில் தங்கியிருந்தபோது, துறவியின் உடன்பிறந்தார் என ஐயுற்ற பிரெஞ்சு அரசினர் அவரை நகரைவிட்டு வெளியேறப் பணித்தனர். உடன்பிறந்தார் அல்லர், நெருங்கிய உறவினரே என்று விளக்கிய பின்னரே அவர் நகருக்கு மீள இயன்றது.

3. இளமையும் இல்வாழ்வும்

ரிச்சர்டு லவல் எட்ஜ்வொர்த்து 1744 மே 31ஆம் நாள் இங்கிலாந்தில் பாத்து நகரிற் பிறந்தார். தாயார் ஜேன் லவல், வேல்சு நாட்டு நடுவர் ஒருவரின் மகளாவார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் ஆக்சுபோர்டிலும் பயின்ற அவர், பயிலுங் காலத்திலேயே அன்னா மரியா எலர்சு என்னும் நங்கையைப் பெற்றோர் அறியாமல் உடன்கொண்டு சென்று மணந்தார். அம்மணம் இன்பமாக அமையவில்லை. அவ்வம்மையார் 1773இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே ஹானரா சினீடு என்பாரை மணந்தார். அவரும் என்புருக்கி நோயால் 1780இல் மறைந்தார். மறையுமுன் தம் தங்கை எலிசபெத்தை மணந்துகொள்ளுமாறு கணவரை வேண்டினார். அவ்வாறே அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் அம்மணம் நிகழ்ந்தது. மறைந்த மனைவியின் தங்கையை மணத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ஆங்கிலத் திருச்சபையின் விதிக்கோ அது மாறானது. ஆகவே, அது பழிச்சொல்லுக்கு இடமாயிற்று. எலிசபெத்து 1797இல் மறைய, 1798 மே மாதத்தில் பிரான்சிசு போபோர்ட்டு என்னும் அம்மையாரை நான்காம் மனைவியாக மணந்தார். இவ்வம்மையார் தம் மூத்தாள் மகளான மரியாவினும் ஓராண்டு இளையவர். எனினும் இருவரும் இறுதிவரை நெருங்கிய தோழியராய் வாழ்ந்தனர். நான்கு மனைவியர்க்கும் முறையே 5, 2, 9, 6 என 22 மக்கள் பிறந்தனர்.

இப்பெருங்குடும்பமே எட்ஜ்வொர்த்தின் ஆய்வுக்களம். மூத்த மகன் ரிச்சர்டை (1764-1796) ரூசோவின் 'எமீல்' காட்டிய நெறிப்படியே வளர்க்க அவர் துணிந்தார். சிறுவன் உடற்கட்டும் துணிவும் உடையவனாக வளர்ந்தான். ஆனால் எவர் சொல்லுக்கும் கட்டுப்படாதவனாயினான். 1771இல் பாரிசில் அவனை ரூசோவிடமே அழைத்துச் சென்று காட்டினார் தந்தையார். அறிவு உண்டு, பிடிவாதமும் உண்டு என்பதே ரூசோவின் கணிப்பு. பின்னாளில் அம்மகன் கடற்பணியில் சேர்ந்து, அமெரிக்கா சென்று குடியேறி, தந்தைக்கு முன்னரே மறைந்தான்.

கொள்கையை முன்வைத்து மக்களை அதற்கேற்பத் திருத்த முயன்றால் கொள்கையும் கெடும், மக்களும் கெடுவர் என்பதை எட்ஜ்வொர்த்து இதனால் அறிந்தார். ஹானரா அம்மையாரோடு சேர்ந்து அவர் மேற்கொண்ட புதுமுறை வேறானது. குழந்தைகள் கேட்கும் வினாக்களையும் அவர்தம் விடைகளையும் நாள்தோறும் குறித்துவைத்து, அக்குறிப்புகளிலிருந்து கல்விநெறி காண்பதே அம்முறை. அம்முயற்சியின் விளைவாக 1798இல் தந்தையும் மகளும் இணைந்து எழுதிய 'செயல்முறைக் கல்வி' என்னும் நூல் வெளிவந்தது. குழந்தையின் ஆர்வம் துணைநில்லாத இடத்தில் ஆசிரியனின் முயற்சி வீண் என்பது அந்நூலின் உள்ளீடு. பிற்காலத்து அரசியலுக்கும் அதுவே அவர்க்கு அடிப்படையாயிற்று.

இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் எரசுமசு டார்வின், தாமசு டே, ஜேம்சு வாட்டு, வெட்சுவுட்டு முதலிய அறிஞர்களோடு அவர்க்கு நட்பு ஏற்பட்டது. பர்மிங்காம் நகரைச் சூழ்ந்து வாழ்ந்த அவ்வறிஞர் குழு 'திங்கள் கழகம்' எனப் பெயர் பெற்றது. வண்டி, பாதை, தொலைவிற்குச் செய்தி விடுக்கும் கம்பம் ஆகியவற்றில் எட்ஜ்வொர்த்துக்கு இருந்த ஈடுபாடு இக்குழுவினரோடு பழகியதால் வளர்ந்தது.

4. நில ஆட்சி

1770இல் தந்தையார் மறைய நிலம் அவர் உரிமையாயிற்று. எனினும், அயர்லாந்து நிலக்கிழார் பலரைப் போலவே அவரும் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே வாழ்ந்தார். 1782ஆம் ஆண்டில் குடும்பத்தோடு எட்ஜ்வொர்த்து நகருக்குத் திரும்பி நிலையாகத் தங்கியது அவர் வாழ்வின் திருப்பமாகும்.

அக்காலத்து நிலமுறையை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். நிலக்கிழார் வெளிநாட்டில் வாழ, இடைக்குத்தகையாளர் பெருநிலத்தை நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்து, சிறுசிறு துண்டுகளாக்கி உழுகுடிகட்கு உயர்ந்த குத்தகைக்கு விடுவர். குத்தகைப் பணத்தோடு கோழியும் வாத்தும் காணிக்கையாகத் தருதல் வேண்டும். உழவுக் காலத்தில் கூலியின்றி வேலையும் செய்தல் வேண்டும். நிலத்தைத் திருத்தினால் குத்தகை உயரும் என்று அஞ்சிக் குடியானவர் நிலத்தைத் திருத்தார். நிலக்கிழார் கடனில் மூழ்க, குடிகள் வறுமையில் மூழ்க, நடுவில் நின்றார் செழித்தனர்.

எட்ஜ்வொர்த்து இடையாளரை விலக்கிக் குடிகளிடமிருந்து தாமே நேராகக் குத்தகை பெற்றார். காணிக்கைகளையும் கூலியில்லா வேலையையும் கைவிட்டார். பதின்மூன்றும் பதினான்கும் ஆண்டே நிரம்பிய மகள் மரியாவை உடன் இருத்திக் கணக்கு எழுதச் செய்தார். குடியானவர் வந்து முறையிடுவதும், தந்தையார் கேட்டு முடிவு கூறுவதும், அவர்தம் பேச்சின் நயமும் அச்சிறுமியின் உள்ளத்தில் பதிந்தன. மரியாவின் புதினங்களுக்கு ஊற்றுக்கண் அக்கணக்கறையே எனின் மிகையாகாது.

5. அரசியல்

1782ஆம் ஆண்டு அயர்லாந்துப் பாராளுமன்றம் சட்டமியற்றும் உரிமை பெற்ற ஆண்டு. அவ்வுரிமைக்குத் துணைநின்ற தொண்டர்படையில் எட்ஜ்வொர்த்து சேர்ந்தார். படைத்தலைவர் சார்லிமாண்டுப் பெருமகனுக்குத் துணையாளராகவும் இருந்தார். தேர்தல்முறைச் சீர்திருத்தம் வேண்டி 1783 நவம்பரில் டப்ளினில் கூடிய தொண்டர் பேரவையிலும் கலந்துகொண்டார். அப்பேரவையின் வேண்டுகோளைப் பாராளுமன்றம் ஏற்கவில்லை. பின்னர், 1798இல், லாங்ஃபோர்டு கோட்டத்துச் செயின்ட்டு ஜான்சுடவுன் என்னும் சிறு தொகுதியின் உறுப்பினராக அவர் பாராளுமன்றம் புகுந்தார்.

அவ்வாண்டே கிளர்ச்சி ஆண்டு. ஆகஸ்டு மாதத்தில் ஹம்பர்ட்டு என்பாரின் தலைமையில் பிரெஞ்சுப் படை கிலாலாவில் இறங்கியது. காசில்பாரில் அரசுப் படையைத் தோற்கடித்தது. செப்டம்பர் 8ஆம் நாள் லாங்ஃபோர்டு கோட்டத்துப் பாலினமக்கு என்னுமிடத்தில் முறிந்தது. எட்ஜ்வொர்த்து ஊர்காவற்படை ஒன்றைத் திரட்டியிருந்தார். கத்தோலிக்கரையும் அதிற் சேர்த்தது அவர்தம் வகுப்பினர்க்கு உவப்பாயில்லை. படைக்கலங்களோ உரிய காலத்தில் வந்து சேரவில்லை. எனவே, குடும்பத்தோடு வீட்டை விட்டு லாங்ஃபோர்டு நகரிற் புகலடைந்தார்.

இதன்பின் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் கருதத்தக்கன. எட்ஜ்வொர்த்து நகருக்குள் நுழைந்த கிளர்ச்சியாளர் அவர் வீட்டிற்குத் தீங்கு செய்யவில்லை. முன்னர்த் தன் மனைவிக்கு அவ்வில்லத்து மனைக்காவல் அம்மையார் செய்த உதவியை நினைந்து, அவருள் ஒருவன் வீட்டைக் காத்து நின்றான். ஆனால், லாங்ஃபோர்டு நகரிலோ எட்ஜ்வொர்த்தின் சமயத்தைச் சார்ந்த கூட்டத்தாரே அவரைப் பகைவர்க்கு உளவு காட்டியவர் என்று கூறித் தாக்கினர். இரவில் செய்தித்தாள் படிப்பதற்காக அவர் ஏற்றிவைத்த இரண்டு மெழுகுதிரிகளே பிரெஞ்சுப் படைக்குக் காட்டிய அடையாள விளக்குகள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. படைத்தலைவர் சிலர் இடைபுகுந்ததால் அவர் உயிர் பிழைத்தார். பகைவர் என்று கருதப்பட்டோரால் வீடு பிழைத்தது. தம்மவரால் உயிர் போகவிருந்தது. கொள்கையில் நடுநின்றார்க்கு அக்காலத்து அயர்லாந்தில் கிடைத்த இடம் இத்துணையே.

6. இணைப்பும் வாக்கும்

கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிசு அரசு, இரு பாராளுமன்றங்களையும் ஒன்றாக்கத் துணிந்தது. 1799 ஜனவரியில் அம்முயற்சி டப்ளினில் 106க்கு 111 என்னும் வாக்குகளால் தோற்றது. அடுத்த ஓராண்டில் அரசினர் பெருமகன் பட்டங்களும் பதவிகளும் வழங்கி உறுப்பினரைத் தம் பக்கம் ஈர்த்தனர். உறுப்பினரை இழக்கும் ஒவ்வொரு சிறு தொகுதிக்கும் 15,000 பவுன் ஈட்டுத்தொகை என்று உறுதி கூறப்பட்டது. 1800 பெப்ரவரியில் 115க்கு 158 என இணைப்பு வென்றது. 1801 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

இணைப்பினால் வாணிகம் வளரும், உட்பகை தணியும் என்பது எட்ஜ்வொர்த்தின் கருத்து. அதனை அவர் மன்றத்தில் மறையாது எடுத்துரைத்தார். எனினும், நாட்டு மக்களுள் பெரும்பான்மையோர் அதனை விரும்பவில்லை என்றும், விலை கொடுத்து வாங்கிய வாக்குகளால் அது நிறைவேற்றப்படுகிறது என்றும் கண்டு எதிர்த்து வாக்களித்தார். அவர் தொகுதியும் உறுப்பினரை இழக்கும் தொகுதிகளுள் ஒன்று. அரசினர்க்கு இசைந்தவர்க்கு வாய்ப்புகள் பல இருந்த காலத்தில், தம் கருத்துக்கு இசைந்த பக்கத்திற்கே வாக்களித்துப் பயன்பெறுதல் அவர்க்கு எளிது. அதனை அவர் செய்யவில்லை.

இதனை 'செயல்முறைக் கல்வி'யோடு ஒப்பிட்டு நோக்குக. மூத்த மகனிடத்துக் கண்ட தோல்வி, நன்மையே ஆயினும் திணிக்கலாகாது என்று கற்பித்தது. கணக்கறையில் குடிகளோடு நேரே பேசியமை, இடையாளர்வழி அறியும் செய்தி உண்மையன்று என்று கற்பித்தது. பாராளுமன்றமும் அவர்க்கு ஒருவகை இடைக்குத்தகையாகவே தோன்றியிருத்தல் கூடும். மக்கட்கு உரியதை அவரைக் கேளாமல் நடுவில் நின்றார் விற்றனர் அல்லரோ? இஃது அவர் கூற்றன்று, கட்டுரையாளர் கருத்து. ஆயினும், அவர் வாழ்க்கைப் போக்கு இதற்கு மாறாக இல்லை.

அவர் பாராளுமன்றத்தில் ஆற்றிய பிறிதொரு பணியும் இதற்கு அரணாகும். ஏழை மக்கள் கல்விக்கென 1799இல் அவர் முன்வந்து திட்டம் கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை. 1806இல் அமைந்த அயர்லாந்துக் கல்விக் குழுவில் உறுப்பினராக மீண்டும் உழைத்தார். எச்சமயத்துப் பிள்ளையும் தன் சமயத்திற்கு ஊறின்றி ஒரே பள்ளியிற் பயிலுதல் வேண்டும் என்பது அவர் விழைவு. மகன் லவல் 1816இல் எட்ஜ்வொர்த்து நகரில் அவ்வகைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி நடத்தினார். அரசு 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிமுறைக்கு முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. இவையன்றி, 1803-04இல் டப்ளினுக்கும் கால்வேக்கும் இடையே செய்திக் கம்பங்கள் நிறுவியதும், சதுப்பு நிலங்களை அளந்ததும், 1813இல் பாதை அமைப்புப் பற்றி நூல் எழுதியதும் அவர் பொதுப்பணிகளாம்.

7. சான்றுகளின் தகுதி

எட்ஜ்வொர்த்தை அறிய முதற்சான்று அவர்தம் வாழ்க்கைக் குறிப்பு. 1820இல் வெளிவந்த அதன் முதற்பகுதி அவரே எழுதியது. 1782க்குப் பிற்பட்ட செய்திகளைக் கூறும் இரண்டாம் பகுதி மரியா எழுதியது. ஆகவே, நிலக்கிழாராகவும் அரசியலாளராகவும் அவர் விளங்கிய காலத்தை நாம் பெரிதும் அன்பு மிக்க மகளின் கண்வழியே காண்கிறோம். குடிகளின் கூற்று அதில் நேராக ஒலிப்பதில்லை. இக்குறையை உளங்கொண்டே அச்சான்றைக் கையாளுதல் வேண்டும்.

இரண்டாம் சான்று 'காசில் ராக்ரெண்ட்'. இணைப்பு வாதம் நடந்துகொண்டிருந்த 1800ஆம் ஆண்டிலேயே இது ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. கொடுங்குத்தகை என்பதே ராக்ரெண்ட் என்னும் சொல்லின் பொருள். ஒரு குடியின் நால்வர் நிலக்கிழார் வரிசையாகக் கெட்டழிந்த கதையை, தேடி என்னும் முதிய மேலாள் தன் பேச்சுமொழியிலேயே சொல்லுகிறான். முடிவில் அவன் மகனே நிலத்தைக் கைக்கொள்கிறான். எட்ஜ்வொர்த்து நகரில் மேலாளாயிருந்த ஜான் லாங்கன் என்பாரின் பேச்சே தேடியின் பேச்சுக்கு மூலம் என்று மரியா கூறியுள்ளார். கருப்பேட்டுச் செய்திகளும் அதில் உருமாறி இடம்பெற்றுள்ளன. எனினும், எல்லாம் இக்குடியின் கதையே என்று கொள்ளுதல் பொருந்தாது. மனைவியைப் பல்லாண்டு சிறைவைத்த நிலக்கிழாரின் செய்தி வேறொரு குடும்பத்தில் நிகழ்ந்தது என்று அந்நூலின் அடிக்குறிப்பே உரைக்கும். புதினத்தை வரலாற்றுக்குச் சான்றாக்குவோர், நிகழ்ச்சியை அதில் தேடுதலினும் நிலவிய முறையைத் தேடுதல் நன்று.

தந்தையார் தலையீட்டால் மகளின் புலமை குன்றியது என்பது 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய கருத்து. மரிலின் பட்லர் 1972இல் வெளியிட்ட ஆய்வு நூல், குடும்பக் கடிதங்களைச் சான்றாகக் கொண்டு அக்கருத்தைத் திருத்தியது. தந்தையாரின் நில ஆட்சி மரியாவிற்குக் கருப்பொருள் தந்தது என்பதை இன்று பலரும் உடன்படுவர்.

8. வழித்தோன்றல்கள்

எட்ஜ்வொர்த்து 1817 ஜூன் 13ஆம் நாள் மறைந்தார். அவர் அமைத்த ஒழுங்கு அவரோடு நிலைக்கவில்லை. உரிமை பெற்ற லவல், நெப்போலியப் போர்க்காலத்தில் பிரான்சில் பல்லாண்டு சிறைப்பட்டிருந்தவர். அவர் காலத்தில் கடன் பெருகவே, 1826இல் மரியா நில ஆட்சியைத் தம் கையில் ஏற்றார். தந்தையார் கற்பித்த கணக்கே குடியைக் காத்தது. பெரும்பஞ்சம் பரவியபோது எண்பதாம் அகவையை எட்டிக்கொண்டிருந்த அவ்வம்மையார் குடிகளுக்கு உணவு திரட்டுவதில் ஈடுபட்டார். 1849 மே 22ஆம் நாள் மறைந்தார்.

நான்காம் மனைவியின் உடன்பிறந்தார் பிரான்சிசு போபோர்ட்டு காற்றின் விரைவை அளக்கும் அளவுகோலால் புகழ் பெற்றவர். மகன் மைக்கேல் பாக்கன்காம் எட்ஜ்வொர்த்து (1812-1881) வடஇந்தியாவில் ஆட்சிப் பணியாற்றிய செடிநூல் அறிஞர். எட்ஜ்வொர்த்தியா என்னும் செடியினம் இக்குடிப் பெயரைத் தாங்குகிறது. பெயரர் பிரான்சிசு இசிட்ரோ எட்ஜ்வொர்த்து (1845-1926) ஆக்சுபோர்டில் பொருளியற் பேராசிரியராக விளங்கினார். இருவர் தத்தம் இசைவோடு பொருள் மாற்றிக்கொள்ளும் எல்லை யாது என்பதைக் கணிதவழி ஆராய்ந்தவர் அவர். இசைவு பற்றிய ஆராய்ச்சி இக்குடியில் இருமுறை நிகழ்ந்தது. பாட்டனார் அதனை வாழ்க்கையில் ஆராய்ந்தார், பெயரர் கணக்கில் ஆராய்ந்தார்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால், எட்ஜ்வொர்த்தின் பேச்சும் வாக்கும் முரண்பட்டன அல்ல என்பது பெறப்படும். எது நன்று என்பது பற்றி அவர் பேசினார். யார் முடிவு செய்தற்கு உரியர் என்பது பற்றி வாக்களித்தார். இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் எனப் பிரித்துணர்ந்தமையே அவர் பெருமை. அவ்வுணர்வுக்கும் எல்லை உண்டு. தம் நிலவுரிமைக்கு ஓ ஃபாரல் குடியினரின் இசைவு பெறப்பட்டதோ என்னும் வினாவை அவர் எழுப்பினாரில்லை. 'காசில் ராக்ரெண்ட்' முடிவில் நிலம் கைமாறுவதை எழுதிய மகளோ அவ்வினாவின் வாயில்வரை சென்றார். அவ்வினாவிற்கு விடை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இயற்றப்பட்ட நிலச் சட்டங்களால், உழுதவர்க்கே நிலம் உரிமையானபோது கிடைத்தது.